பேக்கமன் (backgammon) ஆட்டத்தில் நடுப்பட்டையில் காய் இருக்கும்போது இன்னொரு பகடையை ஆடலாமா?

பகடையில் 6, 3. வெட்டுப்பட்ட உங்கள் காய் ஒன்று நடுப்பட்டையில், அதாவது பலகையின் நடுவே வெட்டுப்பட்ட காய் காத்திருக்கும் இடத்தில். அந்தக் காய் மறுபடி இறங்க வேண்டியது எதிராளியின் வீட்டில் (பலகையில் அவருடைய கால்பகுதி); அதன் 6-ஆம் முக்கோணத்தை அவர் இரண்டு காய் வைத்து அடைத்துவிட்டார், 3 காலி. நீங்கள் வேறொரு காயை 6 நகர்த்திவிட்டு, பிறகு 3-ல் உள்ளே இறங்கினீர்கள். முறையே போச்சு என்கிறார் நண்பர். இதுதானே கேள்வி?

நண்பர் சொல்வது சரியில்லை, நீங்கள் ஆடிய வரிசையும் சரியில்லை. முதலில் 3-ல் இறங்க வேண்டும். நடுப்பட்டை காலியானதும் 6-ஐ எந்தக் காயாலும் ஆடலாம். இறங்கிய காயையே தொடர்ந்து ஆடினாலும் சரி: உங்கள் பக்கமிருந்து எண்ணினால் அது 22-ஆம் முக்கோணத்தில் நிற்கும், அங்கிருந்து 16. அங்கே எதிராளியின் காய் ஒன்றே ஒன்று இருந்தால் வெட்டலாம். இரண்டு இருந்தால் போக முடியாது.

நடுப்பட்டையில் உங்களுக்கு இரண்டு காய் இருந்திருந்தால் கதையே வேறு. ஒன்று 3-ல் இறங்கும், மற்றது காத்திருக்கும், 6 வீண். முறை முழுதாகப் போவது இரண்டு எண்ணும் அடைபட்டிருந்தால் மட்டும்தான்.

அப்புறம், பலரும் மறப்பது ஒன்று: இரண்டு எண்ணில் ஏதாவது ஒன்றை மட்டுமே ஆட முடியும், எதுவானாலும் சரி என்ற நிலை வந்தால் பெரியதைத்தான் ஆட வேண்டும். நானும் வெகுநாள் வசதியானதை ஆடிக்கொண்டிருந்தேன், யாரும் கேட்கவில்லை!