கோணலாக நிற்கும் மாதா கோயில்

அன்புள்ள ஐயா,

மகன் போலந்தில் படிக்கிறான். அவனைப் பார்க்கப் போயிருந்தபோது கிராக்கோவ் நகரின் பெரிய சதுக்கத்தில் இரண்டு நாள் சுற்றினோம். ஊர் நடுவில் இவ்வளவு பெரிய வெட்டவெளியை எழுநூறு வருஷமாக எப்படி விட்டுவைத்தார்கள் என்று ஆச்சரியமாக இருந்தது. மாதா கோயிலின் இரண்டு கோபுரங்களைக் கட்டிய அண்ணன் தம்பியில், அண்ணன் பொறாமையால் தம்பியைக் குத்திக் கொன்றதால்தான் ஒன்று குட்டையாக நின்றுவிட்டது என்றார் வழிகாட்டி. உயரமான கோபுரத்திலிருந்து மணிக்கொரு தரம் ஊதும் எக்காளம் பாதியில் அறுந்து நிற்பது, மங்கோலியர் எய்த அம்பு ஊதியவரின் தொண்டையில் பாய்ந்ததன் நினைவாம். இதெல்லாம் நிஜமா? இன்னொரு சந்தேகம். சதுக்கம் நூல் பிடித்த மாதிரி இருக்கிறது, கோயில் மட்டும் ஏன் கோணலாக நிற்கிறது? “கொத்தனார் தப்பு” என்கிறான் மகன்.

அன்புடன்,
ஒரு வாசகி, திருச்சி

*

அன்புள்ள சகோதரிக்கு,

கோணலிலிருந்தே தொடங்குகிறேன். நானும் முதல் தடவை அந்த மூலையில் நின்று அதையேதான் யோசித்தேன். கொத்தனார்மேல் குற்றமில்லை. கோயில் அங்கே முதலில் வந்தது, சதுக்கம் அதற்குப் பிறகு வந்தது.

1220-களிலேயே அந்த இடத்தில் பீடம் கிழக்கில் அமையும்படி ஒரு கோயில் கட்டிவிட்டார்கள். 1241-இல் மங்கோலியர் ஊரை எரித்தார்கள். 1257-இல் பொலெஸ்வாவ் என்ற இளவரசர் புது நகரத்துக்கு, ஜெர்மனியின் மாக்டபுர்க் நகரச் சட்டப்படி, சாசனம் கொடுத்தார். அளவைக்காரர்கள் வந்து, பக்கத்துக்கு ஏறக்குறைய 200 மீட்டர் என்று சந்தைச் சதுக்கத்தைக் குறித்தார்கள். அதைச் சுற்றி ஒரே அளவில் மனைகள், நேர்கோடாகத் தெருக்கள். தரை காலியாக இருந்திருந்தால் எல்லாமே நேராக வந்திருக்கும். பழைய கோயிலின் இடத்தை அவர்கள் மாற்றவில்லை. இப்போது நாம் பார்க்கும் கோயில் பிறகு கட்டியது, ஆனால் பழைய அடித்தளத்தின் திசையையே பிடித்துக்கொண்டு எழுந்தது. அதனால் சதுக்கத்தோடு அது ஒட்டாமல் நிற்கிறது.

அதே மாதிரி இன்னொரு இடம், தென்கிழக்கு மூலை. மற்றத் தெருக்கள் சதுக்கத்திலிருந்து நேராகக் கிளம்ப, குரோட்ஸ்கா தெரு மட்டும் புனல் வாய் போல அகலமாகத் திறந்து சாய்வாக ஓடும். வாவெல் குன்றின் கோட்டைக்குப் போகிற பழைய பாதை அது. 1257-க்கு முன்பே ஜனங்கள் நடந்து நடந்து உண்டான வழி. வரைபடம் போட்டவர்களுக்கு அதை நிமிர்த்த மனமில்லை, அல்லது முடியவில்லை. எப்படியானாலும் நல்லதுதான். அந்தச் சதுக்கத்தில் எது கோட்டுக்குள் அடங்கவில்லையோ அங்கே கொஞ்சம் நின்று பாருங்கள். பெரும்பாலும் அது சதுக்கத்தைவிட மூத்ததாக இருக்கும்.

வெட்டவெளியைப் பற்றி நீங்கள் எழுதியதை மட்டும் மறுக்கத் தோன்றுகிறது. எழுநூறு வருஷமாக அது வெட்டவெளியாக இருக்கவே இல்லை. நகர மன்றக் கட்டடம், தானியக் கிடங்கு, சரக்கு நிறுக்கும் பெரிய எடைமேடை, சின்ன எடைமேடை, வரிசை வரிசையாகக் கடைகள் என்று ஒரே நெரிசல். ஈயமும் செம்பும் துணியும் கைமாறிய இடம். 19-ஆம் நூற்றாண்டில்தான் இடித்து ஒழுங்கு செய்தார்கள். நகர மன்றம் 1820-இல் போயிற்று, அதன் கோபுரம் மட்டும் தப்பியது. 70 மீட்டர் உயரத்தில், அரை மீட்டருக்குச் சற்றுக் கூடுதலாகச் சாய்ந்து, தன் கட்டடத்தைத் தொலைத்துவிட்டுத் தனியே நிற்கிறதே, அதுதான். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கும். எதிரி யாரும் இடிக்கவில்லை. ஊர் அழகாக வேண்டும் என்று ஊர்க்காரர்களே இடித்தார்கள்.

நடுவில் நீளமாகக் கிடக்கும் துணி மண்டபமும் அப்படித்தான், பல காலத்தின் கலவை. 1555-இல் தீப்பிடித்த பிறகு வந்தது மேலே உள்ள அலங்காரச் சுவரும் கோரமுகச் சிற்பங்களும். நீங்கள் நிழலுக்கு ஒதுங்கியிருக்கக்கூடிய வளைவுத் தாழ்வாரம் 1870-களில் சேர்த்தது. பார்க்கிறவர்கள் முழுவதையும் ஒரே காலத்து வேலை என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

சரி, கதைகளுக்கு வருவோம். கோபுரங்கள் 81 மீட்டர், 69 மீட்டர். குட்டையானது மணிக்கூண்டு, அது கோயிலுடையது. உயரமானது நகரத்தின் காவல் கோபுரம். தீ, எதிரி, இரண்டையும் பார்க்க உயரம் வேண்டியிருந்தது, நகரம் செலவு செய்து உயர்த்திக்கொண்டது. அண்ணன் குத்தியதாகச் சொல்லும் கத்தி துணி மண்டபத்தின் வாசலில் தொங்குகிறதே, அது திருடர்களுக்கு நகரச் சட்டத்தின் தண்டனையை நினைவூட்ட மாட்டியது என்றே சொல்கிறார்கள்.

எக்காளம் அசல் பழையது. ஹெய்னவ் என்ற அதன் பெயர் விடியலைக் குறிக்கும் ஹங்கேரியச் சொல்லிலிருந்து வந்தது. 1392-ஆம் வருஷ ஆவணத்திலேயே அதைப் பற்றிய குறிப்பு இருக்கிறது. காலையும் மாலையும் நகர வாசல்களைத் திறக்கவும் மூடவும் ஊதியது, தீப்பிடித்தால் எச்சரித்தது. இன்றைக்கும் தீயணைப்பு வீரர்களே ஊதுகிறார்கள், நான்கு திசைக்கும் நான்கு தடவை. மத்தியானம் 12 மணி ஊதலை 1927 முதல் போலந்து வானொலி ஒலிபரப்புகிறது. ஆனால் அந்த அம்பு? 1241-இல் இந்தக் கோபுரமே இல்லை. அம்புக் கதை பிரபலமானது 1928-இல் ஓர் அமெரிக்கர் சிறுவர்களுக்காக எழுதிய நாவலால்தான். கதை சொல்வதில் எனக்கு ஆட்சேபம் கிடையாது. ஆனால் அறுநூறு வருஷத்துக்கும் மேலாக யாரோ ஒருவர் அத்தனை படியும் ஏறிப் போய் ஊருக்காக ஊதியிருக்கிறார். ஒற்றை அம்புக்கு இருக்கும் மதிப்பு அந்த உழைப்புக்குக் கிடைக்காமல் போவதுதான் என்னை உறுத்துகிறது.

மாதா கோயிலுக்கு உள்ளே போனீர்களா? கடிதத்தில் அது இல்லை. ஃபைட் ஷ்டோஸ் என்ற சிற்பி 1477 முதல் 1489 வரை பன்னிரண்டு வருஷம் செதுக்கிய மரப் பீடம் இருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியர்கள் அதை நியூரம்பர்குக்குக் கொண்டுபோனார்கள். 1946-இல் போலந்துக்குத் திரும்பிவிட்டது, ஆனாலும் கோயிலுக்குள் மறுபடி வர 1957 ஆயிற்று. பார்க்கவில்லை என்றால் அதற்காகவே இன்னொரு பயணம் போகலாம். அப்போஸ்தலர்களின் கைகளை மட்டும் பார்த்தாலே போதும், நரம்பு தெரியும்.

அப்படிப் போனால், மகனையும் கூட்டிக்கொண்டு குரோட்ஸ்கா தெரு தொடங்கும் பக்கம் இருக்கும் புனித வோய்ச்செக்கின் சின்னக் கோயிலுக்குப் போங்கள். பச்சைக் குவிமாடம் போட்டது, பெரிய கட்டடங்களுக்கு நடுவே கண்ணில் படாமல் போய்விடும். சதுக்கம் குறிக்கப்படுவதற்கு முன்பே அது அங்கே இருந்தது. தெற்குச் சுவரில் அதன் பழைய வாசல் தெரியும், ஆனால் பள்ளத்தில். சந்தைக் குப்பையும் மண்ணும் கல்லும் அடுக்கடுக்காகச் சேர்ந்து தரை உயர்ந்துகொண்டே போனதால், கோயிலின் பழைய தளம் இப்போது இரண்டு மீட்டருக்கும் கீழே இருக்கிறது. தெருவோடு சேர்ந்து உயர முடியாமல், சுவரை எழுப்பி, புது மட்டத்தில் வேறு வாசல் வெட்டிக்கொண்டார்கள். 2005-க்குப் பிறகு பக்கத்தில் தோண்டியபோது பழைய கல்லறைகளும், எரிந்த குடியிருப்பின் மிச்சங்களும், 693 கிலோ எடையுள்ள ஈயக் கட்டியும் வெளியே வந்தன. 2010 முதல் அதெல்லாம் சதுக்கத்துக்கு அடியிலேயே அருங்காட்சியகமாக இருக்கிறது. முதலில் அந்த வாசலை மேலிருந்து குனிந்து பார்த்துவிட்டு, அப்புறம் கீழே இறங்குங்கள்.

அன்புடன்.