ஜாமீன் கிடைத்தும் ஜெயில் ஏன்?

(வாசகர் கேள்விகளுக்கு இலவச சட்ட உதவி வழக்கறிஞர் ஒருவரின் பதில்கள்)

கேள்வி: சிறையில் இடமில்லை என்று சொல்லி, அடிதடி, கொலையில் சம்பந்தப்படாத கைதிகளை வெளியே விடச் சொல்கிறார்கள். இடமில்லை என்றால் புதுச் சிறை கட்ட வேண்டியதுதானே? பறிகொடுத்தவனுக்கு என்ன நியாயம்?
– வாசகர், தருமபுரி

பதில்: நகையோ மாடோ பறிகொடுத்த வீட்டின் வயிற்றெரிச்சல் நியாயமானது. அதை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் உள்ளே இருப்பவர்கள் யார்? தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022 கணக்கைப் பாருங்கள். நாட்டின் சிறைகளில் 4,36,266 பேருக்குத்தான் இடம். அடைத்து வைத்திருந்தது 5,73,220 பேரை. அதில் விசாரணைக் கைதிகள், அதாவது இன்னும் தீர்ப்பு வராமலே உள்ளே இருப்பவர்கள், மட்டும் 4,34,302 பேர். தண்டனை பெற்றவர் ஒருவர்கூட இல்லை என்று வைத்துக்கொண்டாலும், இவர்களாலேயே சிறை கிட்டத்தட்ட நிரம்பிவிடும். தமிழ்நாட்டில் மொத்தத்தில் இடம் மிச்சம்தான். உத்தரப் பிரதேசம், டெல்லியில்தான் ஒருவர் படுக்கும் இடத்தில் கிட்டத்தட்ட இருவர்.

விசாரணைக் கைதிகளை ஜாமீனில் விட்டால் வழக்கு முடிந்துவிடாது. வீட்டிலிருந்து வாய்தாவுக்கு வருவார்கள். குற்றம் உறுதியானால் தண்டனையும் உண்டு.

நான் பார்த்த ஒருவரைச் சொல்கிறேன். பம்புசெட் மோட்டாரில் செம்புக் கம்பி திருடியதாக வழக்கு. ஜாமீன் உத்தரவு வந்துவிட்டது. நிபந்தனை: இரண்டு ஜாமீன்தாரர், அதில் ஒருவர் ரத்த சொந்தம். அம்மா ரேஷன் கார்டை மடியில் கட்டிக்கொண்டு வந்தார். குடிசை இருப்பது புறம்போக்கில், ஜாமீன்தாரர் காட்ட வேண்டிய வீட்டு வரி ரசீது கிடையாது. இரண்டாவது ஆளாகக் கையெழுத்துப் போட ஊரில் யாரும் முன்வரவில்லை. பொங்கலுக்கு முன் கிடைத்த ஜாமீன், சித்திரை பிறந்தும் காகிதத்திலேயே கிடந்தது. அவரை உள்ளே வைத்திருந்தது திருட்டா, அந்த வரி ரசீதா? இன்றும் எனக்கு ஆறவில்லை.

1978-லேயே மோதி ராம் வழக்கில் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் இதைக் கண்டித்துவிட்டார். மோதி ராம் ஒரு கொத்தனார். அவரிடம் 10,000 ரூபாய்க்கு ஜாமீன் கேட்டார்கள். அண்ணன் தம்பி உறவில் ஒருவர் முன்வந்தும், சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது என்று மறுத்தார்கள். உச்ச நீதிமன்றம் 1,000 ரூபாய் சொந்தப் பிணையிலேயே, அதாவது ஜாமீன்தாரர் இல்லாமல் அவரே எழுதிக்கொடுத்தாலே, விடச் சொன்னது.

இப்போது சட்டமும் கொஞ்சம் இறங்கி வந்திருக்கிறது. சாதாரணத் திருட்டுக்கு அதிகபட்சம் 3 ஆண்டு. இதற்கு முன் எந்த வழக்கிலும் தண்டனை பெறாதவர் அதில் மூன்றில் ஒரு பங்கை, அதாவது ஓராண்டை, உள்ளே கழித்துவிட்டால் ஜாமீனில் விட வேண்டும் என்கிறது புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 479-வது பிரிவு. மனுப் போட வேண்டியது சிறைக் கண்காணிப்பாளரின் கடமை. பழைய வழக்குகளுக்கும் இது பொருந்தும் என்று 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. ஆனால் ஒன்றுக்கு மேல் வழக்கு நிலுவையில் இருந்தால் இந்தச் சலுகை கிடையாது. இதில் எனக்கு உடன்பாடில்லை. துப்புத் துலங்காத நாலு திருட்டைப் பிடிபட்ட ஏழையின் தலையில் கட்டுவது ஒன்றும் புதிதல்ல.

சிறை கட்டலாம்தான். ஆனால் அந்தக் கம்பித் திருட்டுக்காரருக்குத் தேவைப்பட்டது இன்னொரு சிறை அல்ல, ஒரு கையெழுத்து.

கேள்வி: என் தம்பிக்கு ஜாமீன் கிடைத்து மூன்று வாரம் ஆகிறது. ஜாமீன்தாரர் கிடைக்கவில்லை. வக்கீலுக்குக் கொடுக்கவும் பணமில்லை. என்ன செய்வது, ஐயா?
– வாசகி, விழுப்புரம்

பதில்: கவலைப்படாதீர்கள், அம்மா. காவலில் இருப்பவருக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் தர வேண்டும், அது சட்டம். மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகத்துக்கு நேரில் போங்கள். முடியாவிட்டால் 15100-க்குப் போன் செய்யுங்கள். ஜாமீன் கிடைத்து 7 நாளில் வெளியே வராவிட்டால் சிறை நிர்வாகமே ஆணைக்குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஒரு மாதம் ஆகியும் பிணை கட்ட முடியாவிட்டால் நிபந்தனையைத் தளர்த்துவதை நீதிமன்றம் தானாகவே பரிசீலிக்கலாம். நீங்கள் அதுவரை காத்திருக்க வேண்டாம். இப்போதே சொந்தப் பிணையில் விடக் கேட்டு மனுப் போடச் சொல்லுங்கள். பணம் கட்டித்தான் ஆக வேண்டும் என்றால், ஏழைக் கைதிகளுக்கான மத்திய அரசுத் திட்டம் இருக்கிறது. 2023-ல் தொடங்கியபோது அதன் உச்சவரம்பு 40,000 ரூபாய். கஞ்சா, ஊழல் போன்ற சில வழக்குகளுக்குக் கிடைக்காது.

போகும்போது வழக்கு எண், காவல் நிலையத்தின் பெயர், ஜாமீன் உத்தரவு நகல், தம்பி இருக்கும் சிறையின் பெயர் நான்கையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். நகல் இல்லையென்றால் சிறையிலேயே கேளுங்கள். உத்தரவு அவர்களுக்கு மின்னஞ்சலில் வந்திருக்க வேண்டும்.