படுக்கையில் கழியும் ஒன்பது மணி நேரம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். எனக்கு வயது 61. கும்பகோணம் பக்கத்தில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் கணக்கு ஆசிரியையாக இருந்து, சென்ற ஆண்டு ஓய்வு பெற்றேன். அதிலிருந்து தூக்கம் போய்விட்டது. இரவு 9 மணிக்கே விளக்கை அணைத்துப் படுத்துவிடுகிறேன், 11.30 மணிக்கு மேல்தான் கண் அசருகிறது. 2.30 மணிக்கு விழிப்பு வந்தால் 4 மணி வரை கொட்டக் கொட்ட விழித்துக் கிடக்கிறேன். பிறகு 6 மணி வரை ஒரு கோழித் தூக்கம். அந்தக் குறையை மதியம் ஒன்றரை மணி நேரம் படுத்து ஈடுகட்டுகிறேன். மாலை 5 மணிக்குக் காபி குடித்தால்தான் தலை தெளிகிறது.

மருத்துவர் எழுதித்தந்த அல்பிரஸோலாம் 0.25 மி.கி. மாத்திரையை எட்டு மாதமாக இரவில் போட்டுக்கொள்கிறேன். இந்த வாரத்தோடு அதை நிறுத்திவிட்டு இயற்கை முறைக்கு மாறலாம் என்று இருக்கிறேன். பாலில் ஜாதிக்காய், கசகசா, அமுக்கராச் சூரணம் என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். எது நல்லது? நான் குறட்டை விடுவதாக என் கணவர் சொல்லிக்கொண்டிருப்பது தனிக் கதை.

ப.

அன்புள்ள ப. அவர்களுக்கு,

மாத்திரையை இந்த வாரத்தோடு நிறுத்திவிடாதீர்கள். எட்டு மாதம் பழகிய அல்பிரஸோலாமைச் சட்டென்று விட்டால், முன்பிருந்ததைவிட மோசமான தூக்கமின்மையும் படபடப்பும் வரக்கூடும். அரிதாகச் சிலருக்கு வலிப்புகூட வந்துவிடுகிறது. எழுதித்தந்த மருத்துவரிடமே போய், விட்டுவிட விரும்புவதாகச் சொல்லுங்கள். சிறிது சிறிதாகக் குறைக்கும் வழியை அவர் வகுத்துத் தருவார். நான் மருத்துவன் அல்லன். ஆறு ஆண்டுகளுக்கு முன் அம்மா இறந்த பிறகு, உங்களைப் போலவே மாதக்கணக்கில் உறக்கமில்லாமல் இருந்து, அதைப் பற்றித் தேடித் தேடிப் படித்தவன். அந்த அளவிலேயே இனி வருவதைச் சொல்கிறேன்.

'இயற்கை முறை' என்றதும் நம் மனம் அஞ்சறைப் பெட்டிக்கும் நாட்டு மருந்துக் கடைக்கும் போய்விடுகிறது. ஆனால் தூக்கம் வெளியிலிருந்து உள்ளே போகும் ஒரு பொருளால் வருவதன்று. விழித்திருந்த நேரத்தைக் கொண்டு உடல் தானே அதைத் தயாரிக்கிறது. சுவிட்சர்லாந்தின் தூக்க ஆய்வாளர் அலெக்சாண்டர் போர்பெலி 1982ஆம் ஆண்டில் இதை இரண்டு விசைகளின் கூட்டாக விளக்கினார். விழித்திருக்க விழித்திருக்க ஏறிக்கொண்டே போகும் தூக்க அழுத்தம் ஒன்று. மூளையின் அடியில், பார்வை நரம்புகள் குறுக்கிட்டுக்கொள்ளும் இடத்துக்குச் சற்று மேலே இருக்கும் உடல் கடிகாரம் மற்றொன்று. இரண்டும் சேர்ந்து வரும் வேளையில்தான் தூக்கம் கண்ணைச் சுழற்றும். நீங்கள் மதியம் ஒன்றரை மணி நேரம் படுப்பது, பகலெல்லாம் சேர்ந்த அழுத்தத்தில் பெரும்பகுதியை அப்போதே செலவழித்துவிடுவது. மூளையில் சேரும் அடினோசின் என்ற பொருள்தான் அந்த அழுத்தத்தை உண்டாக்குவதில் முக்கியமானது. காபியிலுள்ள காஃபீன் அதன் இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டு அதைச் செயல்படவிடாமல் தடுக்கிறது. குடித்த காஃபீனில் பாதி உடலைவிட்டு நீங்கவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும் என்பதால், 5 மணிக் காபியில் பாதி 10 மணிக்கும் உங்களுக்குள் வேலை செய்துகொண்டிருக்கிறது.

தூக்கம் கெட ஒரு காரணம் இருக்கும், கெட்டது கெட்டபடியே நிலைத்துவிட வேறொரு காரணம் இருக்கும் என்பது அமெரிக்க உளவியலாளர் ஆர்தர் ஸ்பீல்மன் சொன்னது. எனக்கு உண்மையில் கண்ணைத் திறந்த கருத்து இதுதான். உங்களுக்கு ஓய்வு முதல் காரணமாக இருக்கலாம்; முப்பது ஆண்டுகளுக்கு மேல் மணியடித்து நடந்த வாழ்க்கை ஒரே நாளில் நின்றுபோனது சாதாரண மாற்றம் அன்று. ஆனால் அதை இன்றுவரை நிலைக்க வைத்திருப்பவை, இழந்த தூக்கத்தைப் பிடித்துவிட நீங்கள் எடுக்கும் முயற்சிகள்தான்: சீக்கிரம் படுப்பது, விழித்த பிறகும் படுத்தே கிடப்பது, மதியம் ஈடுகட்டுவது. கணக்கு ஆசிரியைக்கு நான் கணக்குச் சொல்லக்கூடாது; ஆனாலும் பாருங்கள். படுக்கையில் 9 மணி நேரம், உறங்குவது 5 மணி நேரம். இரவுதோறும் மீதி நான்கு மணி நேரம், படுக்கை என்பது விழித்துக் கிடந்து தவிக்கும் இடம் என்று உங்கள் உடலுக்குப் பாடம் நடக்கிறது.

ஆகவே ஸ்பீல்மனும் அவருடைய சகாக்களும் 1987இல் வெளியிட்ட முறை, கேட்பவரைத் திகைக்க வைப்பது: படுக்கையில் இருக்கும் நேரத்தைக் குறைப்பது. காலையில் எழும் நேரத்தை 5 மணி என்று வைத்துக்கொண்டால், இரவு 11.30 மணிக்கு முன் நீங்கள் படுக்கவே கூடாது. முந்தைய இரவு எப்படிப் போயிருந்தாலும் எழும் நேரம் மாறக்கூடாது, மதியமும் படுக்கக்கூடாது. படுத்த நேரத்தில் 85 சதவீதத்துக்கு மேல் உறங்க ஆரம்பித்த பின், வாரத்துக்கு 15 நிமிடம் முன்னதாகப் படுக்கலாம். எவ்வளவு குறைத்தாலும் ஐந்து மணி நேரத்துக்குக் கீழே போகக்கூடாது. முதல் இரண்டு வாரம் பகலில் கண் சொக்கும், எரிச்சல் வரும், அந்த நாட்களில் வண்டி ஓட்ட வேண்டாம். வலிப்பு நோயோ இருமுனை மனநோயோ உள்ளவர்கள் இதைத் தாமாகச் செய்யவே கூடாது. நீங்கள் மாத்திரை எடுப்பவர் என்பதால், இதையும் மருத்துவரிடம் சொல்லிவிட்டே தொடங்குங்கள்.

இரண்டரை மணி விழிப்புக்கு அமெரிக்க உளவியலாளர் ரிச்சர்ட் பூட்சின் 1972இல் சொன்ன வழி இன்றும் மாறவில்லை. இருபது நிமிடம் போல ஆகியும் தூக்கம் வராவிட்டால் எழுந்து வேறு அறைக்குப் போய்விட வேண்டும். கண் சொருகும்போது மட்டும் திரும்ப வேண்டும். அந்த நேரத்தை உத்தேசமாகக் கொள்ளுங்கள், கடிகாரத்தைப் பார்த்து அன்று. நான் முதலில் செய்த வேலையே படுக்கையறைச் சுவர்க்கடிகாரத்தைக் கழற்றியதுதான். பிறகு கூடத்தில் ஒரு மஞ்சள் விளக்கைப் போட்டுக்கொண்டு, அம்மா பென்சிலால் எழுதி வைத்திருந்த சமையல் குறிப்பு நோட்டைப் படியெடுக்க உட்காருவேன். பல இரவுகள் இரண்டு மூன்று பக்கம் ஓடியது. ஓர் இரவு வத்தக்குழம்புக்குப் புளி எவ்வளவு என்று எழுதிக்கொண்டிருந்தவன் திடுக்கிட்டுப் பார்த்தபோது, 'எலுமிச்சை அளவு' என்ற சொல்லிலிருந்து ஒரு கோடு தாளின் விளிம்பு வரை இழுபட்டுப் போயிருந்தது. பேனாவை மூடிவிட்டுப் போய்ப் படுத்தேன், விடிந்துதான் விழித்தேன். இப்போதும் அந்தக் கோட்டோடு அந்த நோட்டு என்னிடம் இருக்கிறது.

அமெரிக்க மருத்துவர் கல்லூரி என்ற மருத்துவர் சங்கம் 2016இல் வெளியிட்ட வழிகாட்டுதல், நாள்பட்ட தூக்கமின்மைக்கு மாத்திரைக்கு முன்பாகவே தர வேண்டிய முதல் சிகிச்சையாக, ஸ்பீல்மன், பூட்சின் சொன்ன இந்த இரண்டு முறைகளும் அடங்கிய அறிதல் நடத்தைச் சிகிச்சையைத்தான் (எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றும் சிகிச்சை) சொல்கிறது.

இனி நீங்கள் கேட்ட பொருட்கள். பாலில் ஒரு சிட்டிகை ஜாதிக்காய் கெடுதல் செய்யாது. சிட்டிகையில் வராத தூக்கம் கரண்டியில் வரும் என்று அளவைக் கூட்டுவதுதான் ஆபத்து. அதிலுள்ள மிரிஸ்டிசின் வாந்தி, படபடப்பு, மனக்குழப்பம் வரை கொண்டுபோகும். அமுக்கராவுக்கு ஓரளவு பலன் இருப்பதைச் சிறிய ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆனால் அல்பிரஸோலாமுடன் சேர்ந்தால் மயக்கத்தைக் கூட்டலாம். தைராய்டு மாத்திரை எடுப்பவர்களுக்கும் கல்லீரல் கோளாறு உள்ளவர்களுக்கும் அது ஆகாது. கசகசா குருமாவில் இருக்கட்டும். இவை எல்லாவற்றையும்விட நான் உறுதியாகச் சொல்லக்கூடியது, படுப்பதற்கு ஒன்றிரண்டு மணி நேரம் முன் வெந்நீர்க் குளியல். சூடு பட்டதும் கை கால்களின் தோலில் இரத்த ஓட்டம் கூடி, உடலின் உள்வெப்பம் வெளியேறித் தணிகிறது. அந்தத் தணிவு தூக்கம் வருவதற்கான அறிகுறியாக உடலுக்குப் பயன்படுகிறது. குளிக்க முடியாத நாளில் கால்களை மட்டும் வெந்நீரில் வைத்திருந்தாலும் ஓரளவு பலன் உண்டு. காலையில் விடிந்ததும் அரை மணி நேரம் வாசலிலோ மொட்டைமாடியிலோ வெளிச்சத்தில் இருங்கள். உடல் கடிகாரம் நேரம் சரிசெய்துகொள்வது அந்த வெளிச்சத்தைக் கொண்டுதான்.

குறட்டையைத் தனிக் கதை என்று எழுதியிருக்கிறீர்கள். அது இதே கதையாகவும் இருக்கலாம். உறக்கத்தில் தொண்டை அடைபட்டு மூச்சு நின்று நின்று வரும் நோயில் நடுஇரவு விழிப்பும் பகல் சோர்வும் சாதாரணம். மாதவிலக்கு நின்ற பிறகு பெண்களுக்கு அது கூடுகிறது. நீங்கள் உறங்கும்போது மூச்சு சற்று நின்று, பிறகு திணறலோடு வருகிறதா என்று உங்கள் கணவரைக் கேளுங்கள். ஆம் என்றால், மேலே சொன்ன எதையும் தொடங்குவதற்கு முன் உறக்கப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். அந்த நோய் உள்ளவர்களுக்குத் தூக்க மாத்திரையும் நல்லதன்று என்பதால், மருத்துவரிடம் இதை மறக்காமல் சொல்லுங்கள்.

ஒரு பழைய மதிப்பெண் பதிவேடு வீட்டில் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். தினமும் காலையில், எப்போது படுத்தீர்கள், உத்தேசமாக எப்போது உறங்கினீர்கள், எத்தனை முறை விழித்தீர்கள், எப்போது எழுந்தீர்கள் என்று நான்கு கட்டத்தில் எழுதிவாருங்கள். ஆறு வாரம் கழித்து அதைப் பார்த்துவிட்டு எனக்கு மறுபடி எழுதுங்கள், காத்திருப்பேன்.