பி.எஸ்சி. பாட்டனி முதல் வருஷம் முடிச்சவங்க சொல்லுங்க, கிளாஸ் எப்படி இருந்துச்சு, அடுத்து என்ன பிளான்?

இந்த வருஷம் பாட்டனி சேரலாமான்னு யோசிச்சுட்டு இருக்கேன், படிச்சவங்க அனுபவம் வேணும்னு கேட்டிருக்கீங்க. ரெண்டாவது செமஸ்டர் கடைசி பேப்பர் எழுதி இன்னும் பத்து நாள் கூட ஆகல, எல்லாம் ஞாபகத்துல இருக்கப்பவே எழுதிடுறேன்.

எனக்கு ஊர் பாம்பன் பக்கம், கடற்கரைக் கிராமம். பன்னெண்டாவது வரைக்கும் அரசுப் பள்ளி, தமிழ் மீடியம். நர்சிங் கிடைக்கும்னு நம்பி இருந்தேன், மார்க் பத்தல, அரசு கலைக் கல்லூரி கவுன்சலிங்ல பாட்டனில சீட் இருக்குன்னு சொன்னாங்க, சேர்ந்துட்டேன். ஆசைப்பட்டு எடுத்த படிப்பு இல்லங்கிறதை மொதல்லயே சொல்லிடணும், ஏன்னா உங்களுக்கும் அப்படித்தான் இருக்கும்னு தோணுது.

முதல் செமஸ்டர் மெயின் பேப்பரே பாசிகள்தான், ஆல்கே. மொத ரெண்டு மாசம் கண்ணைக் கட்டிக் காட்டுல விட்ட மாதிரி இருந்துச்சு. குளோரோபைசி, பியோபைசி, ரோடோபைசின்னு பச்சை, பழுப்பு, சிவப்புப் பாசி வகைகளோட பேரை மேம் போர்டுல எழுதிட்டே போவாங்க, நான் எழுத்துக்கூட்டிப் படிக்கிறதுக்குள்ள அழிச்சுடுவாங்க. அழுதுட்டு வீட்டுக்கு வந்த நாள் உண்டு. அப்புறம் ஒண்ணு பண்ணேன், பதினொண்ணாவது தமிழ் புத்தகத்தையும் காலேஜ் நோட்ஸையும் பக்கத்துல பக்கத்துல வச்சு, தாலஸ்னா உடலம், ஹோல்டுஃபாஸ்ட்னா பற்றுறுப்பு, இப்படி தினம் பத்து வார்த்தை ஒரு நோட்டுல எழுதினேன். தீபாவளி லீவுக்குள்ள கிளாஸ் புரிய ஆரம்பிச்சுடுச்சு. தமிழ் மீடியம்ல இருந்து வர்றவங்க இதை மட்டும் தயவுசெஞ்சு பண்ணுங்க, பயந்து பாதியில நின்னுடாதீங்க, எங்க கிளாஸ்ல ரெண்டு பேர் நின்னுட்டாங்க, எனக்கு இன்னும் அது மனசுக்குக் கஷ்டமா இருக்கு.

எனக்கு மாறினது ஒரு பிராக்டிகல்ல. பாசிகளைக் கெடாம இருக்க ஃபார்மலின்ல போட்டு வச்ச பாட்டில்களை வரிசையா வச்சிருந்தாங்க, பார்த்துப் படம் வரையணும். மூணாவது பாட்டில்ல பழுப்பு நிறத்துல, சின்னச் சின்ன இலை, நடுவுல மிளகு அளவுக்குக் காத்து உருண்டை. பார்த்ததும் "இது கட்டக்கோரைல்ல"ன்னு வாய் விட்டுச் சொல்லிட்டேன். லேபிள்ல சர்காஸம்னு போட்டிருந்துச்சு. மேம் பக்கத்துல வந்து உனக்கு எப்படித் தெரியும்னு கேட்டாங்க. எங்கம்மா இருபது வருஷத்துக்கு மேல பாசி எடுக்கப் போறவங்க, வீட்டு முன்னாடி காய்ஞ்சு கிடக்கிறது அதுதான்னு சொன்னேன். கிளாஸ்ல இருக்கறவங்க என்ன நினைப்பாங்களோன்னு கூச்சமா இருந்துச்சு, ஆனா மேம் என்னையே முன்னாடி வரச் சொல்லி, அது எங்க வளரும், எப்படி எடுப்பாங்கன்னு எல்லாருக்கும் சொல்லச் சொன்னாங்க. விரல்ல துணியைச் சுத்திக் கட்டிக்கிட்டு, கண்ணாடி போட்டுக்கிட்டு, மூச்சை அடக்கி முங்கி, பாறையில இருந்து கையால பறிக்கிறதுன்னு சொன்னேன். ஒரு சத்தம் இல்லாம கேட்டாங்க.

ரெண்டாவது செமஸ்டர்ல பூஞ்சை, பாக்டீரியா, நோய்கள். அதுல பூஞ்சை வளர்க்க ஒரு மீடியம், அதாவது வளர்ப்பு ஊடகம், தயார் பண்ணோம், ஒரு லிட்டர் தண்ணிக்கு 200 கிராம் உருளைக்கிழங்கு வேகவச்ச சாறு, 20 கிராம் டெக்ஸ்ட்ரோஸ், 15 கிராம் அகார். அந்த அகார் எதுல இருந்து வருதுன்னு படிச்சா ஜெலிடியெல்லா, அதாவது எங்க ஊர்ல மரிக்கொழுந்துன்னு சொல்ற பாசி! சூடா இருக்கப்ப தண்ணி மாதிரி ஊத்தலாம், நாப்பது டிகிரிக்குக் கீழ போனா கெட்டியாகிடும், அப்புறம் எண்பத்தஞ்சு டிகிரி வரைக்கும் ஏத்தினாத்தான் மறுபடி இளகும், அதனாலதான் கிருமியை வளர்க்க இன்குபேட்டர்ல வச்சாலும் உருகாம நிக்குது. 1881ல ஜெர்மனியில ராபர்ட் கோக்னு கிருமி ஆராய்ச்சி பண்ணவரோட லேப்ல, கிருமி வளர்க்கப் போட்ட ஜெலட்டின் உருகி உருகிப் போய்த் திண்டாடினப்ப, அங்க வேலை பார்த்தவரோட மனைவி ஃபேனி ஹெஸ், சமையல்ல அகார் போடுறவங்க, அவங்கதான் இதைப் போட்டுப் பாருங்கன்னு சொன்னாங்களாம். அன்னிக்கு ராத்திரி அம்மா மீன் ஆய்ஞ்சுட்டு இருக்கப்ப இதைச் சொன்னேன். "நோம்புக்குக் கடல்பாசி காய்ச்சுவாங்கன்னு தெரியும், இதுக்கும் போகுதா"ன்னு கேட்டுட்டு ரொம்ப நேரம் கையைக் கழுவாம அப்படியே உக்காந்திருந்துச்சு.

மத்த பேப்பர்கள் சுமார்தான். துணைப் பாடமா வர்ற அலைடு கெமிஸ்ட்ரி எனக்கு வரல, டைட்ரேஷன் ரீடிங் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொண்ணா வரும், பாஸ் ஆகிடுவேன்னு நினைக்கிறேன். மைக்ரோஸ்கோப் பத்தாது, ஒண்ணுக்கு ஆறு பேர் நிக்கணும், அதனால லேப் அன்னிக்குச் சீக்கிரம் போயிடுங்க. அரசுப் பள்ளியில படிச்ச பொண்ணுங்களுக்குப் புதுமைப் பெண் திட்டத்துல மாசம் 1000 ரூபா வருது, எனக்கு ரெக்கார்டு நோட்டு, ஜெராக்ஸ், லேப் கோட்டு எல்லாம் அதுலதான்.

இனி பிளான். வீட்ல மாமா, சித்தப்பா எல்லாம் டிகிரி முடிச்சதும் பி.எட். போட்டு டீச்சராயிடுன்னு சொல்றாங்க. தப்பு சொல்லல, ஆனா முதுகலை ஆசிரியர் வேலைக்கு எப்படியும் எம்.எஸ்சி.யும் வேணும் பி.எட்.டும் வேணும், அதனால முதல்ல எம்.எஸ்சி. முடிக்கிறேன்னு பேசி வச்சிருக்கேன். கடல் உயிரியலுக்கு அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தோட பரங்கிப்பேட்டை மையம் இருக்கு, எங்களுக்குக் கிட்டக்க தொண்டியில அழகப்பா பல்கலைக்கழகத்தோட கடலியல் துறை இருக்கு, பாசியிலேயே இறங்கணும்னா சென்னைப் பல்கலைக்கழகம், இந்திய பாசியியலோட தந்தைன்னு சொல்ற எம்.ஓ.பி. ஐயங்கார் வேலை பார்த்த இடம். பாண்டிச்சேரிப் பல்கலைக்கழகத்துக்கு சியூஇடி நுழைவுத் தேர்வு எழுதணும், அதுக்கு அடுத்த வருஷத்துல இருந்தே படிக்கணும்.

பாசின்னு சொன்னாலே எல்லாரும் வளர்ப்பைத்தான் பேசுறாங்க. 2023ல எங்க மாவட்டத்துல வலமாவூர்ல கடல்பாசிப் பூங்காவுக்கு அடிக்கல் நாட்டினாங்க, வேலை வரும்னு நானும் நம்புறேன். ஆனா மூங்கில் மிதவையில கட்டி 45 நாள்ல அறுக்கிறது பெரும்பாலும் கப்பாபைகஸ், எங்க ஆளுங்க பெப்சி பாசின்னு சொல்வாங்க, 2000 வாக்குல பெப்சி கம்பெனி மூலமா பரவினதால அந்தப் பேரு. அது நம்ம கடல்ல பொறந்தது இல்ல, குருசடைத் தீவுப் பக்கம் பவளப்பாறை மேலயே படர்ந்திருக்குன்னு ஆய்வுல எழுதியிருக்காங்க. வருமானம் வர்றவங்களை நான் குறை சொல்லல, ஆனா எனக்குப் படிக்கணும்னு இருக்கிறது இங்கேயே தானா முளைக்கிற மரிக்கொழுந்தைத்தான். பாசி எடுக்கிற பொம்பளைங்களுக்குத் தெரிஞ்சது எந்த நோட்ஸ்லயும் இல்ல. வேரோட பிடுங்கக் கூடாது, மாசத்துல இத்தனை நாள்தான் போகணும், ஏப்ரல்ல இருந்து ஜூன் வரைக்கும் பாசியை வளர விடணும்னு அவங்களே கட்டுப்பாடு வச்சிருக்காங்க. சின்னப்பாலத்துல பாசி எடுக்கிற லட்சுமி மூர்த்தி அக்காவுக்கு 2015ல சீகாலஜின்னு ஒரு வெளிநாட்டு விருது கூடக் கொடுத்தாங்க.

மூணாவது வருஷ புராஜெக்டுக்கு நான் இதைத்தான் எடுக்கப் போறேன், அடியை விட்டுட்டுப் பறிச்சா மறுபடி பறிக்கிற அளவுக்கு வளர எத்தனை நாள் ஆகுது. மேம்கிட்ட சொன்னேன், இப்பவே கணக்கு எழுத ஆரம்பி, ஒரு வருஷக் கணக்காவது கையில இருக்கணும்னாங்க. இப்ப லீவு, அம்மாவும் கடலுக்குப் போகல, அதனால ரெண்டு பேரும் சாயங்காலம் உக்காந்து பேசுறோம். எப்பவும் போற மூணு பாறையை அம்மா அடையாளம் சொல்லியிருக்கு, ஒண்ணுக்கு ஆமைப் பாறைன்னு அவங்களே வச்ச பேரு. ஜூலையில போக ஆரம்பிச்சதும் எந்தப் பாறையில எந்தத் தேதி பறிச்சாங்க, திரும்ப எப்ப கைக்கு வந்துச்சுன்னு அம்மா சொல்லும், நான் எழுதணும். நூறு பக்க நோட்டு ஒண்ணு வாங்கி கட்டம் போட்டு வச்சிருக்கேன், முதல் கட்டத்துல அம்மா சொன்ன பேரு, ரெண்டாவதுல புத்தகத்துல இருக்கிற பேரு.