7.5 சதவீதம் எங்கே போனது?
தென்னாப்பிரிக்காவின் சாட்ஸ்வொர்த்திலிருந்து எழுதிய சகோதரிக்கு, 2023 ஏப்ரலில் அரசுச் செவிலியருக்கும் 7.5 சதவீதச் சம்பள உயர்வு என்றார்களே, கைக்கு வந்தது பாதிகூட இல்லையே என்கிறீர்கள். சம்பளப் பிரிவில் யாரும் தவறு செய்யவில்லை. 2021 முதல் தனியாகக் கொடுத்துவந்த மாத ரொக்கப்படியைச் சம்பளத்தோடு சேர்த்தார்கள், 7.5-இல் சராசரியாக 4.2 அதுதான். புதிதாகக் கொடுத்தது 3.3. விலைவாசியோ 6 சதவீதத்தை ஒட்டி ஏறியது!

மார்ச் சம்பளச் சீட்டையும் உயர்வு வந்த மாதச் சீட்டையும் அருகருகே வைத்துப் பாருங்கள். ரொக்கப்படி காணாமல் போயிருக்கும், ஓய்வூதியப் பிடித்தம் கூடியிருக்கும். (அந்தப் பிடித்தமும் 7.5 சதவீதம்தான், நல்ல வேடிக்கை.) அது வீணாகாது, கடைசி இரண்டு ஆண்டுச் சம்பளச் சராசரியை வைத்தே ஓய்வூதியம் கணக்கிடுவார்கள்.

என் கோபமெல்லாம் 2018-இல் ஒப்புக்கொண்ட உயர்வை 2020-இல் கொடுக்காமல் விட்டதன்மீதுதான். 2022-இல் அரசியலமைப்பு நீதிமன்றமும் அரசின் பக்கமே நின்றுவிட்டது. பழைய சீட்டு கையில் இல்லையென்றால் நகல் கேட்டு எழுதிக் கொடுங்கள்.