முதலில் காற்று, பிறகு ஊசி: வாசகர் கேள்விகள்

ரெக்கார்ட் பிளேயரில் ஊசியைத் தாங்கும் கை டோன்ஆர்ம். பம்ப் தரும் காற்றில் மிதந்து நேர்கோட்டில் நகரும் ஏர் பேரிங் கைகளைப் பற்றிய கேள்விகள் இவை.

ஈ.டி.-2, குஸ்மா ஏர் லைன்: இரண்டில் எதை வாங்கலாம்? (குன்னூர்)

என்ன கார்ட்ரிட்ஜ் (ஊசி பொருந்திய முனை), என்ன டர்ன்டேபிள் (ரெக்கார்டைச் சுழற்றும் மேடை) என்று ஒரு வரி எழுதக்கூடாதா? எமினென்ட் டெக்னாலஜியின் ஈ.டி.-2 சாதாரணமாக 3 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு 3 பவுண்டு) காற்றழுத்தத்தில் ஓடும். ஏர் லைனுக்கு 65 வேண்டும். அழுத்தம் கூடினால் காற்று இடைவெளியைக் குறுக்கலாம். பேரிங் விறைப்பாக நிற்கும், பேஸ் திடமாக வரும். ஆனால் சுமார் 10 மைக்ரான் (மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு) இடுக்கு அது; காற்று சுத்தமாக வர வேண்டும். கம்ப்ரஸரைப் பராமரிக்கப் பொறுமை இல்லாதவருக்கு ஈ.டி.-2 தான்.

கம்ப்ளையன்ஸ் (ஊசித்தண்டின் நெகிழ்வு) 25 உள்ள கார்ட்ரிட்ஜ் மாட்டினேன். ஊஃபர் (பேஸ் ஸ்பீக்கர்) தானாக ஆடுகிறது. (லவ்டேல்)

ஆடத்தான் செய்யும். மேலும் கீழும் அசையும்போது இந்தக் கைகள் லேசானவை. பக்கவாட்டில் மொத்தக் குழலையும் ஊசிதான் தள்ள வேண்டும். கார்ட்ரிட்ஜோடு 35 கிராம் என்று வையுங்கள். ரெசொனன்ஸ் (கையும் ஊசியும் தானாக ஆடும் வேகம்) 5 ஹெர்ட்ஸுக்கு, அதாவது நொடிக்கு 5 ஆட்டத்துக்கு, இறங்கிவிடும்; அந்த ஆட்டம்தான் ஊஃபரில் தெரிகிறது. கம்ப்ளையன்ஸ் 10 என்றால் எட்டரை வரும். கார்ட்ரிட்ஜை மாற்றுங்கள்.

ஆன்ட்டி-ஸ்கேட்டிங் (கை உள்பக்கம் இழுபடாமல் தடுக்கும்) திருகு எங்கே? (வெலிங்டன்)

கிடையாது. நேர்கோட்டில் போகும் கைக்குத் தேவையும் இல்லை.

ஐப்பசி பிறந்தால் கை பாதி ரெக்கார்டில் நின்றுவிடுகிறது. பேரிங் போய்விட்டதா? (கோத்தகிரி)

பேரிங்கைக் குறை சொல்லாதீர்கள். காரணத்தை நீங்களே எழுதியிருக்கிறீர்கள்: பம்ப் சமையலறையில், குழாய் வெளிச்சுவர் வழியாக. குழம்பு கொதிக்கும் அறையின் ஈரக்காற்றை இழுத்து, வெளியே மூடுபனியில் குளிரவைத்து, திரண்ட தண்ணீரைப் பேரிங்குக்கே அனுப்புகிறீர்கள். மலையில் என்னிடம் வரும் ஏர் பேரிங் கைகளில் முக்கால்வாசி இந்த ஈரத்தால் படுத்தவைதான். எத்தனை முறை எழுதினாலும் அதே கடிதம் வருகிறது. நல்ல கருவி இப்படி வீணாவதைப் பார்க்க மனம் பொறுக்கவில்லை.

அப்படியே மாற்றிப் போடுங்கள். பம்பும் டேங்கும் வீட்டின் குளிர்ந்த மூலையில் இருக்கட்டும். தண்ணீர் டேங்கிலேயே இறங்கிவிடும். அங்கிருந்து கதகதப்பான ஹாலுக்கு வரும் காற்று காய்ந்துதான் வரும். டேங்கின் அடிவால்வைத் தினமும் திறந்து வடியுங்கள். அப்புறம் ஃபில்டர், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல். நீல ஜெல் இளஞ்சிவப்பானால் அடுப்பில் காயவையுங்கள், மழைக்காலத்தில் அடிக்கடி. எண்ணெய் ஊற்றி ஓடும் டயர் கடை கம்ப்ரஸர் வேண்டவே வேண்டாம். பேரிங்கின் நுண்துளை கிராஃபைட்டில் எண்ணெய் ஏறினால் அடைப்பை எடுப்பது பெரும்பாடு.

ஊட்டி உயரத்தில் காற்று போதுமா? (ஊட்டி)

கடல்மட்டத்தைவிட இங்கே காற்று சுமார் ஐந்தில் ஒரு பங்கு அடர்த்தி குறைவு. பம்ப் ஒரு அளவு பெரியதாக எடுங்கள். கேஜ் காட்டும் அழுத்தம் அதேதான்.

கரண்ட் போனால்? (கூடலூர்)

பெரிய டேங்க் இருந்தால் எழுந்து போய்க் கையைத் தூக்க நேரம் கிடைக்கும். மீன்தொட்டி பம்ப் நொடியில் கைவிடும். ஊசி பக்கவாட்டில் வளையும். மறுபடி சொல்கிறேன்: முதலில் காற்று, பிறகு ஊசி. நிறுத்தும்போது முதலில் ஊசியைத் தூக்குங்கள், பிறகு காற்று.

இடது சேனல் மட்டும் கரகரக்கிறது. (அருவங்காடு)

டர்ன்டேபிள் மட்டமாக இருக்கிறதா பார்த்தீர்களா? பழைய பங்களாவின் பலகைத் தரை பருவத்துக்குப் பருவம் அசையும். 10 சென்டிமீட்டருக்கு 1 மில்லிமீட்டர் சரிந்தாலே 35 கிராம் கை ஊசியை ஒரு பக்கமாக மூன்றில் ஒரு கிராம் விசையோடு தள்ளும். ஊசி ரெக்கார்டில் அழுந்தும் டிராக்கிங் எடையே 2 கிராம்தான். சுவரில் ஷெல்ஃப் அடியுங்கள்.