அதிகம் பேசப்படாத, எளிதில் கிடைக்காத ஜாஸ் பதிவுகளில் கட்டாயம் கேட்க வேண்டியவை எவை?

மைல்ஸ் டேவிஸ், கோல்ட்ரேன் எல்லாம் கேட்டாயிற்று, யாரும் சொல்லாத பெயராகச் சொல்லுங்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கு முன்னால் எழுதிய ஒருவர் டீனா புரூக்ஸ் என்ற பெயரைச் சொல்லி, 'இனிமையான குரல் கொண்ட பாடகி' என்று ஒரு வரியும் சேர்த்திருக்கிறார். அதைப் படித்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை.

டீனா புரூக்ஸ் ஆண். டெனர் சாக்ஸபோன் வாசித்தவர். இயற்பெயர் ஹரால்ட் ஃபிளாய்ட் புரூக்ஸ், 1932இல் வட கரோலினாவின் ஃபயட்வில்லில் பிறந்தவர். சின்ன வயதில் ஆள் பொடியாக இருந்ததால் வந்த செல்லப்பெயர் அது. தன் பெயரில் நான்கு ஆல்பங்களுக்கான பதிவுகளை ப்ளூ நோட் என்ற ஜாஸ் ரெக்கார்டு கம்பெனிக்குச் செய்துகொடுத்தார், எல்லாம் 1958க்கும் 1961க்கும் நடுவில். அவர் உயிரோடிருந்தபோது கடைக்கு வந்தது ஒன்றே ஒன்று. 1961க்குப் பிறகு ஸ்டுடியோ பக்கமே அவர் பெயர் இல்லை. ஹெராயின் பழக்கம், உடல் கெட்டுப்போய், 1974இல் 42 வயதில் இறந்துவிட்டார். பட்டியல் போடாமல் இவர் ஒருவரைப் பற்றியே எழுதப் போகிறேன்.

நான் வேலை விஷயமாக இரண்டு வருடம் டோக்கியோவில் இருந்தேன். ஜப்பானில் ஜாஸ் கிஸ்ஸா என்று சின்னச் சின்ன காபிக் கடைகள் உண்டு, பெரிய ஸ்பீக்கர்கள், சுவர் முழுக்க எல்பி, பேசாமல் உட்கார்ந்து கேட்க வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும் ரெக்கார்டின் அட்டையைக் கல்லாவுக்குப் பக்கத்தில் நிறுத்தி வைப்பார்கள், கேள்வி கேட்டு யாரும் தொந்தரவு செய்யக் கூடாது என்பதற்காக. ஒரு மழை நாள், ஆபீஸில் மேனேஜரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு அப்படி ஒரு கடையில் போய் உட்கார்ந்தேன். ஒரு மெதுவான பாட்டு. முதலில் வந்த சாக்ஸபோன் சத்தமே போடவில்லை. ஒவ்வொரு வரியையும் கொஞ்சம் தாமதமாக ஆரம்பித்து, முடிக்கும் இடத்தில் மட்டும் குரல் லேசாக உடைகிற மாதிரி விட்டுவிடுகிறது. அழுது காட்டுகிற வாசிப்பு இல்லை, அழுது முடித்தவன் பேசுவதைப் போல இருந்தது. எனக்கு அன்றைக்கு அதுவே போதுமானதாக இருந்தது. எழுந்து போய் அட்டையைப் பார்த்தேன். 'மைனர் மூவ்', டீனா புரூக்ஸ். ஓடியது 'எவ்ரிதிங் ஹாப்பன்ஸ் டு மி'. உண்மையைச் சொல்கிறேன், நானும் அந்த ஒரு நிமிடம் இது ஏதோ பெண் என்றுதான் நினைத்தேன். அதனால் முன்னால் எழுதியவர் மேல் எனக்குக் கோபம் இல்லை, ஆனால் எழுதுவதற்கு முன் ஒரு பாட்டாவது கேட்டிருக்கலாம்.

கடைக்காரர் பின்னட்டையைத் திருப்பிக் காட்டினார். பதிவான தேதி 1958 மார்ச் 16. டிரம்பெட்டில் லீ மார்கன், அப்போது அவருக்கு 19 வயது. பியானோ சானி கிளார்க், பேஸ் டக் வாட்கின்ஸ், டிரம்ஸ் ஆர்ட் பிளேக்கி. நியூ ஜெர்சியில் ஒலிப்பதிவாளர் ரூடி வான் கெல்டர் தன் பெற்றோர் வீட்டுக் கூடத்தையே ஸ்டுடியோவாக வைத்திருந்த காலம். இந்தக் கூட்டணியில் யாரையும் குறை சொல்ல முடியாது, ஆனாலும் டேப் அப்படியே அலமாரிக்குப் போனது. முதன்முதலில் எல்பியாக வெளியானது 1980இல், அதுவும் ஜப்பானில். வாசித்தவர் போய்ச் சேர்ந்து ஆறு வருடம் ஆன பிறகு! அதைப் படித்தபோது எனக்கு வந்த ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை.

அதைவிட மனதை அறுப்பது 1960 ஜூன் மாதக் கதை. ஜூன் 19ஆம் தேதி டிரம்பெட் கலைஞர் ஃப்ரெடி ஹப்பர்ட் தன் முதல் ஆல்பமான 'ஓப்பன் செசமி'யைப் பதிவு செய்கிறார். அதில் சாக்ஸபோன் டீனா புரூக்ஸ். தலைப்புப் பாட்டும் 'ஜிப்ஸி ப்ளூ'வும் இவர் எழுதியவை. சரியாக ஆறு நாள் கழித்து, 25ஆம் தேதி, இவருடைய 'ட்ரூ ப்ளூ' பதிவாகிறது, அதில் டிரம்பெட் ஹப்பர்ட். ஒரே வாரம், ஒருவர் ஆல்பத்தில் இன்னொருவர். ஹப்பர்ட் அங்கிருந்து ஏறிப்போய் உலகப் பெயர் வாங்கினார், வாங்க வேண்டியவர்தான், மறுக்கவில்லை. புரூக்ஸுக்கு 'ட்ரூ ப்ளூ' மட்டும் வந்தது, அதோடு சரி. அடுத்து 'பேக் டு தி ட்ராக்ஸ்'. அட்டை தயார், 4052 என்று எண்ணும் கொடுத்தாகிவிட்டது, ஆனால் ரெக்கார்டு வரவில்லை. இல்லாத ஒரு ரெக்கார்டை இருப்பதாக நினைத்து சேகரிப்பாளர்கள் பல வருடம் தேடியிருக்கிறார்கள். 1985இல் மொசைக் நிறுவனம் நான்கு பதிவுகளையும் ஒரே பெட்டியாகப் போட்ட பிறகுதான் இவர் என்ன செய்திருக்கிறார் என்பது முழுசாகத் தெரிந்தது.

கம்பெனியையே வில்லனாக்குகிறேன் என்று யாராவது வருவீர்கள், தெரியும். ப்ளூ நோட்டை நடத்திய ஆல்ஃப்ரெட் லயன், வெளியிட்டதைவிட அதிகமாகவே பதிவு செய்து வைத்தவர், சாக்ஸபோன் கலைஞர் ஹாங்க் மோப்ளி, கிட்டார் கலைஞர் கிராண்ட் கிரீன் பதிவுகளும் அதே அலமாரியில் தூங்கின. அவர் பதிவு செய்யாமல் விட்டிருந்தால் இன்றைக்குக் கேட்கவே ஒன்றும் இருந்திருக்காது. அதையும் ஒத்துக்கொள்கிறேன். இன்னொரு கூட்டம், 'இப்போது எல்லாம் ஆன்லைனில் கிடைக்கிறதே, இதில் அரிது என்ன' என்று கேட்கும். கிடைக்கிறது, எல்பியாகவும் மறுபடி வந்திருக்கிறது. ஆனால் பெயரே தெரியாதவர் எதைத் தட்டித் தேடுவார்? நான் பயன்படுத்தும் ஆப்பில் 'ஓப்பன் செசமி' என்று போட்டால் ஹப்பர்ட் பெயர் மட்டும் வருகிறது. எல்பி அட்டையில் வாசித்தவர்கள் எல்லாருடைய பெயரும் பின்னால் இருக்கும், ஒரு பெயரிலிருந்து அடுத்த பெயருக்குப் போகலாம். நானே அப்படித்தான் இங்கே வந்து சேர்ந்தேன். முதல் அச்சில் கேட்காதவன் கேட்டவனே இல்லை என்று சொல்கிறவர்களுக்குப் பதில் சொல்லப் போவதில்லை. 'ட்ரூ ப்ளூ' முதல் அச்சு ஆயிரக்கணக்கான டாலர் விலை. இரண்டு பிள்ளைகளுக்கு ஸ்கூல் ஃபீஸ் கட்டுகிறவன் நான்.

நீங்கள் எங்கே ஆரம்பிக்கலாம் என்றால், 'ட்ரூ ப்ளூ'வின் முதல் பாட்டு 'குட் ஓல்ட் சோல்', அப்புறம் 'தீம் ஃபார் டோரிஸ்'. இவர் மெட்டு எழுதுகிறவர் என்பது அந்த இரண்டிலேயே புரியும். 'பேக் டு தி ட்ராக்ஸி'ல் 'ஸ்ட்ரீட் சிங்கர்', அதில் ஆல்டோ சாக்ஸபோன் வாசிக்கும் ஜாக்கி மெக்லீனும் சேர்ந்து மூன்று ஊதுகருவிகள். 'மைனர் மூவ்' ராத்திரிக்கு. இந்த வகை பிடித்திருந்தால் பியானோ கலைஞர் ஹெர்பி நிக்கல்ஸையும் கேளுங்கள், 1955-56இல் ப்ளூ நோட்டில் ட்ரியோவாக வாசித்தவை, 'ஹவுஸ் பார்ட்டி ஸ்டார்ட்டிங்'கில் ஆரம்பியுங்கள். பில்லி ஹாலிடேயின் 'லேடி சிங்ஸ் தி ப்ளூஸ்' மெட்டு நிக்கல்ஸுடையது என்று எத்தனை பேருக்குத் தெரியும்? பிழைப்புக்காக பார்களில் டிக்ஸிலாண்ட் என்ற பழைய பாணி ஜாஸ் வாசித்துக்கொண்டிருந்தார், 1963இல் 44 வயதில் போய்விட்டார்.

நான் டோக்கியோவில் ஒச்சனோமிசு பக்கம் ஒரு பழைய ரெக்கார்டு கடையில் 'மைனர் மூவ்' 1980 ஜப்பான் அச்சை 2,400 யென்னுக்கு வாங்கினேன். கீறல் கிடையாது, உள்ளே ஜப்பானிய மொழியில் ஒரு தாள், அதைக்கூட மடங்காமல் வைத்திருந்தேன். ஊர் திரும்பிய பிறகு வீடு மாறும்போது, பெயரெல்லாம் வேண்டாம், ஒரு பேக்கர்ஸ் அண்ட் மூவர்ஸ் ஆட்கள், நிறுத்தி வைக்க வேண்டும் என்று மூன்று பக்கமும் எழுதிய பெட்டியைப் படுக்கப் போட்டு அதன் மேல் கிரைண்டரை ஏற்றி, மே மாத வெயிலில் லாரியை ஒரு பகல் முழுக்க நிறுத்தி வைத்தார்கள். பதினோரு எல்பி வளைந்துவிட்டது. நஷ்டஈடு கேட்டுப் போனால், மேசையில் இருந்தவர் படிவத்தில் 'பழைய பிளேட் - 11' என்று எழுதி, கிலோ கணக்குப் போட்டார். மூன்று மாதம் அலைந்தேன். கடைசியில் கொடுத்த பணம் நான் போய்வந்த ஆட்டோவுக்குக் காணவில்லை. வீடு மாறுகிறவர்கள் தயவுசெய்து ரெக்கார்டைக் கையோடு எடுத்துப் போங்கள்.

'மைனர் மூவ்' வெளி விளிம்பில்தான் வளைந்திருக்கிறது. முதல் பாட்டு 'நட்வில்'லில் ஊசி குதிக்கும், மறுபக்கம் 'ஸ்டார் ஐஸ்' பாதி வரைக்கும் தாவும். அப்புறம் தட்டு சமமாகிவிடுகிறது. உள்பக்கம் இருக்கும் அந்தக் கடைசிப் பாட்டு, 'எவ்ரிதிங் ஹாப்பன்ஸ் டு மி', இன்னும் ஒரு குறையும் இல்லாமல் ஓடுகிறது.